ஈரம் தொடாத விரல்கள்

லின்னன்மா

பிப்ரவரித் தொடக்கத்தில் ஔலு நகரத்தின் காலை ஏழரை மணி கும்மிருட்டாக இருக்கும். பின்லாந்தின் வடபகுதியில், பொத்னியா வளைகுடாக் கரையில், 65ஆம் அட்சரேகையில் இருக்கும் ஊர் அது. அன்று மைனஸ் 14 டிகிரி. தெருவிளக்கு வெளிச்சத்தில் முதலில் ஒரு பாட்டி சைக்கிளில் போனார். சற்றுப் பொறுத்து, முதுகில் பையோடு இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களுக்குப் பின்னால், பின்னிருக்கையில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒரு தகப்பன். யாரும் சாகசத்துக்குப் புறப்பட்டவர்களாகத் தெரியவில்லை. சாதாரண மேல்கோட்டு, கம்பளித் தொப்பி, அவ்வளவுதான். கைகள் மட்டும் தடித்த உறைகளுக்குள் மறைந்திருந்தன.

நான் இந்த ஊருக்கு வந்ததே இவர்களைப் பார்க்கத்தான். இரண்டு லட்சம் பேருக்குச் சற்று அதிகமாக வாழும் நகரத்தில் 900 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் தடங்கள். சாலைக்கு அடியில் நுழைந்து போகும் சுரங்கப்பாதைகளே 300க்கு மேல். குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கென்று 2013இல் உலகின் முதல் மாநாடு கூடியதும் இங்கேதான். குளிரில் சைக்கிள் மிதிப்பவருக்கு உடம்பு பெரிய கவலை இல்லை. பத்து நிமிடம் மிதித்தால் வியர்த்துவிடும். கவலையெல்லாம் பத்துக் கைவிரல்களும் பத்துக் கால்விரல்களும்தான். அவற்றை இந்த ஊர்க்காரர்கள் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று அருகிலிருந்து பார்க்க நினைத்தேன்.

என்னைத் தங்கவைத்தவர் திருநெல்வேலிக்காரர், தொலைத்தொடர்புப் பொறியாளர். பல்கலைக்கழகத்தை ஒட்டிய லின்னன்மா பகுதியில் மனைவி, மகளோடு இருக்கிறார். வந்த முதல் குளிர்காலத்தில் பேருந்தில்தான் அலுவலகம் போனாராம். இப்போது நவம்பரோ பிப்ரவரியோ, சைக்கிள்தான். கையுறைகளை எடுத்து மேசையில் பரப்பியபடி அவர் முதலில் சொன்னது கையைப் பற்றியே அல்ல.

“விரலுக்குத் தனியாச் சூடு கெடையாது, அண்ணாச்சி. நெஞ்சும் வயிறும் கொடுத்தாத்தான் அதுக்கு. தலையில தொப்பி இல்லாம கையில எத்தன உறை போட்டாலும் பிரயோசனம் இல்ல.”

அவர் சொன்னதற்கு உடலியலில் நேரடியான காரணம் இருக்கிறது. விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையிலான முன்கையில் இருக்கின்றன. தசை இருந்தால்தான் அங்கேயே சூடு பிறக்கும். விரலிலோ எலும்பும் நரம்பும் தோலும்தான் பெரும்பகுதி. அதன் பருமனோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பும் அதிகம், ஆகவே வந்த சூடும் சீக்கிரம் போய்விடும். குளிர் பட்டதும் உடம்பு விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைத்தான் முதலில் சுருக்குகிறது. சைக்கிள் ஓட்டுபவருக்கு இன்னும் இரண்டு இடைஞ்சல்கள். கை அசையாமல் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறது. பாதம் வளையாமல் பெடலை அழுத்திக்கொண்டிருக்கிறது. நடப்பவரின் பாதம் ஒவ்வோர் அடிக்கும் மடங்கி நிமிர்ந்து இரத்தத்தைத் தள்ளும், மிதிப்பவரின் பாதத்துக்கு அது கிடையாது. போதாததற்குக் காற்று. இலைகூட அசையாத நாளிலும் சைக்கிள்காரர் தனக்கென்று ஒரு காற்றை உண்டாக்கிக்கொண்டுதான் போகிறார். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 18.

என்னை அண்ணாச்சி என்றழைத்த அந்தத் தம்பியின் மனைவி மிளகு ரசம் வைத்திருந்தார். காலை ஏழு மணிக்கு ரசமும் சோறும். “சாப்பிடாமப் போனா விரல் விறைச்சிரும் அண்ணே. இங்க வந்தபொறகு நான் படிச்ச முதல் பாடம் அதுதான்” என்றார். எரிக்க எதுவும் இல்லாவிட்டால் உடம்பு எதைக் கொண்டு விரலைச் சூடாக்கும்?

சைக்கிள் கொட்டகையில் நின்ற வண்டிகளைப் பார்த்ததும் எனக்கு நம்மூர் ஞாபகம்தான் வந்தது. டயரைப் பாதிக்குமேல் மூடிய மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு. பந்தய வண்டிகளின் மோகத்தில் நாம் கழற்றி எறிந்த அத்தனையும் இங்கே பத்திரமாக இருக்கிறது. முன்சக்கர மட்கார்டின் கீழ்நுனியில் ஒரு ரப்பர் மடல் தொங்குகிறது. சக்கரம் வாரியிறைக்கும் ஈரப்பனி அந்த மடலில் பட்டு விழுந்துவிடும், ஷூவின் முனைக்கு வராது. கால்விரல்களைக் காக்கிற முதல் கவசம் அதுதான் என்றார் தம்பி. சாக்ஸெல்லாம் அதற்கு அப்புறம்.

சாக்ஸ் விஷயத்தில் அவருக்குத் தீர்மானமான கருத்து. வெப்பநாட்டிலிருந்து வருகிறவர்கள் மூன்று ஜோடியை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக் காலை ஷூவுக்குள் திணிப்பார்கள். இறுகிய ஷூவில் இரத்தம் ஓடாது, சூட்டைப் பிடித்துவைக்க இடையில் காற்றும் இருக்காது. கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். மெல்லிய ஒன்று, அதன்மேல் தடித்த கம்பளி ஒன்று, ஓர் அளவு பெரிய ஷூ, அடியில் அழுத்திய கம்பளியில் வெட்டிய உள்தகடு. உள்ளே கால்விரல்களை ஆட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் ஒரு சாக்ஸைக் கழற்றிவிட வேண்டும்.

ஆற்றுத் தடம்

லின்னன்மாவிலிருந்து தெற்கே நகர மையத்துக்குப் போகும் தடம் காடு, குடியிருப்பு, மறுபடி காடு என்று மாறி மாறிப் போய் ஔலு ஆற்றை அடைகிறது. சாலையைக் கடக்க வேண்டிய இடங்களில் தடம் தாழ்ந்து சுரங்கத்துக்குள் புகுந்து மறுபக்கம் ஏறிவிடுகிறது. சிக்னலுக்காக நிற்கும் வேலை குறைவு. குளிரில் இது பெரிய உபகாரம். நின்றால்தான் வியர்வை சில்லிடும், சில்லிட்டால் விரல் போகும்.

தடத்தில் தார் தெரியவில்லை, பனி கெட்டித்து வெள்ளைச் சாலையாகவே ஆகியிருந்தது. அதன்மேல் பனித்தள்ளி வண்டியின் தகடு கீறிய மெல்லிய வரிகள், ஆங்காங்கே கருங்கல் பொடி. டயர் கறக் கறக் என்று சத்தம் போட்டது. குளிர் நன்றாக இறங்கியிருந்தால்தான் பனி இப்படிப் பேசும். சத்தம் நின்று சளசளப்புத் தொடங்கினால் உஷாராக வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தார்.

ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெட்ரோல் பங்க்கில் காபி குடிக்க நின்றபோது, பனித்தள்ளி வண்டி ஓட்டும் நடுவயதுக்காரர் ஒருவரோடு பேச வாய்த்தது. அதிகாலை மூன்று மணிக்கு வேலைக்கு வந்தவர். பனி கொட்டிய இரவுகளில், காலை ஏழு மணிக்குள் முக்கியமான சைக்கிள் தடங்களைத் தள்ளி முடித்துவிட வேண்டுமாம். வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் கிளம்பும் நேரம் அது. “உப்புத் தூவுவீர்களா?” என்று கேட்டேன். வேகமாகத் தலையாட்டி மறுத்தார்.

“உப்புப் போட்டால் பனி கூழாகும். கூழ் ஷூவுக்குள் போகும். பிறகு யார் சைக்கிளில் வருவார்கள்?”

அவர் காபியை முடித்துக்கொண்டு போன பிறகும் எனக்கு அந்தப் பதில்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உப்பு கலந்த நீர் பூஜ்யத்தில் உறையாது. மைனஸ் 5 டிகிரியிலும் அது ஈரமாகவே கிடக்கும். உறைநிலைக்கும் கீழான குளிரைச் சுமந்துகொண்டு துணிக்குள் ஊறும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்துகிறது. நனைந்த சாக்ஸ் இருக்கும் கால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷூவுக்குள் இருந்தாலும் தோற்றுத்தான் போகும். குளிர் இன்னும் கடுமையானால் உப்புக்கு அந்த வேலையும் செய்யத் தெரியாது, சாலையில் சும்மா கிடக்கும். ஆக, இந்த ஊர் பனியை உருக்கப் பார்ப்பதில்லை. அழுத்திக் கெட்டியாக்கி, கல்பொடி தூவி, பனியாகவே வைத்துக்கொள்கிறது. உலர்ந்த பனிமேல் ஓடுகிறவரின் கால் உலர்ந்தே இருக்கிறது. கையுறைக் கடையில் கிடைக்காத பாதுகாப்பு அது. நகராட்சி கொடுக்க வேண்டியது.

எந்தக் குளிர் மோசம் என்று நான் கேட்ட யாரும் மைனஸ் 25 என்று சொல்லவில்லை. எல்லாரும் சொன்னது பூஜ்யத்தைத்தான். மேலும் கீழும் ஒரு டிகிரி ஊசலாடும் நாட்கள், பனியும் மழையும் கலந்து விழும் நாட்கள்.

சந்தைச் சதுக்கம்

ஆற்றின் வாயில் ஒரு சதுக்கம், குட்டையான பருத்த போலீஸ்காரரின் வெண்கலச் சிலை, பக்கத்தில் 1901இல் திறந்த சந்தைக் கூடம். உள்ளே நுழைந்ததும் மூக்குக்கு முதலில் கிடைத்தது ஏலக்காய் மணம். இங்கே இனிப்பு ரொட்டி மாவில் ஏலக்காயை இடித்துப் போடாமல் பிசைய மாட்டார்கள். நம் பாயசத்துக்கு உரிய வாசனை, உறைந்த கடலோரம் ஒரு பன்னிலிருந்து எழுந்து வந்தது. பக்கத்துக் கடையில் சால்மன் சூப். பால், உருளைக்கிழங்கு, சோயிக்கீரை, விரல் தடிமனுக்கு மீன் துண்டுகள், கூடவே கம்புநிறத்தில் புளித்த ரை ரொட்டி. அதன்பின் சுட்ட பாலாடைக்கட்டி. பல்லில் கீச்சென்று சத்தம் வரும். மேலே பொன்னிறச் சதுப்புநிலப் பழத்தின் ஜாம். புளிப்பும் இனிப்புமாக அந்தப் பழம் நாக்கில் நின்றது.

ஒரு மூலையில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் கையால் பின்னிய காலுறைகளும் கையுறைகளும் விற்றுக்கொண்டிருந்தார். கையுறைகள் பெரும்பாலும் கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை வைத்தவை, மற்ற நான்கு விரல்களும் ஒன்றாக இருக்கும். ஐந்து விரலும் தனித்தனியாக இருந்தால் ஐந்தும் தனித்தனியாகக் குளிரும், சேர்ந்திருந்தால் ஒன்றின் சூட்டில் ஒன்று பிழைக்கும் என்றார். நான் ஒரு ஜோடியை மாட்டிப் பார்த்தேன். அவர் என் விரல்நுனிக்கு மேலே கம்பளியைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளுவதற்குத் துணி மிஞ்சவில்லை. அதைப் பிடுங்கி வைத்துவிட்டு அடுத்த அளவை எடுத்துக் கொடுத்தார். இப்போது விரல்நுனிக்கு மேலே அரை அங்குலம் காலியாக இருந்தது. “இந்த இடம்தான் உங்களைக் காப்பாற்றும்” என்றார். மணிக்கட்டுப் பகுதி ஒரு சாண் நீளம். சட்டைக் கைக்கும் உறைக்கும் நடுவே தோல் தெரிந்தால், இரத்தம் விரலுக்குப் போகும் வழியிலேயே குளிர்ந்துவிடும். உள்ளே வழுவழுப்பு, வெளியே இரண்டு நூல் சேர்த்த இறுக்கமான பின்னல். இதன்மேல் காற்றுப் புகாத தோல் உறை ஒன்று போட வேண்டும் என்று சைகையில் காட்டினார். கம்பளி காற்றை நிறுத்தாது, சூட்டை மட்டும்தான் பிடித்துவைக்கும்.

கம்பளியின் பெரிய குணம் ஈரத்தைக் கையாளும் விதம். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நாருக்குள் இழுத்துக்கொண்டும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. பருத்தி அப்படியல்ல, நனைந்த பருத்தி தோலோடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். நம் வெயிலுக்கு அது வரம், இங்கே ஆபத்து. வீட்டிலிருந்து எடுத்துப் போன பருத்தி சாக்ஸ் எல்லாம் பெட்டியிலேயே தூங்கின.

அதே கூடத்துக்கு வெளியே, பனிக்கூழ் நாட்களுக்கான ரப்பர் பூட்ஸ் ஒரு கடையில் வரிசையாக நின்றன. அவற்றைப் பார்த்ததும் நோக்கியாவின் ஞாபகம் வந்தது. நோக்கியா என்றதும் தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர்தான் நினைவுக்கு வரும். 2006இல் தொடங்கி 2014இல் மூடிய அந்த ஆலையில் கைபேசி கோத்த எத்தனையோ பெண்களின் முகம் என் மனதில் உண்டு. அந்தக் கம்பெனியின் வேர்களில் ஒன்று ரப்பர். 1898இல் தொடங்கிய பின்னிஷ் ரப்பர் ஆலை ஷூவின் மேல் மாட்டும் ரப்பர் உறைகளும் பூட்ஸும் செய்து இந்த நாட்டின் கால்களை நனையாமல் வைத்திருந்தது. 1967இல்தான் காகித ஆலை, கேபிள் ஆலையோடு சேர்ந்து ஒரே நோக்கியா ஆனது. குளிர்கால டயரையும் 1934இலேயே அந்த ரப்பர்க்காரர்கள் செய்திருக்கிறார்கள். நான் ஓட்டிய சைக்கிளின் டயரில் சிறு உலோக ஆணிகள் பதிந்திருந்தன. கண்ணாடிப் பனியில் அவை கடித்துப் பிடிக்கும். வழுக்காது என்ற நம்பிக்கை வந்ததும் ஹேண்டிலைப் பிடித்த கை தளர்ந்துவிடுகிறது. பயத்தில் இறுக்கிப் பிடித்த கைதான் சீக்கிரம் மரத்துப்போகும்.

நல்லிகாரி

சந்தையிலிருந்து மேற்கே தீவுகளைத் தாண்டினால் நல்லிகாரி கடற்கரை. மணல் இல்லை, அலை இல்லை, அடிவானம் வரை வெள்ளை. பொத்னியா வளைகுடாவின் வடகோடியில் உப்பு மிகக் குறைவு. பெரிய ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன, அதனால் ஒவ்வோர் ஆண்டும் கடல் உறைகிறது. உறைந்த கடல்மேல் தள்ளிச் சீராக்கிய தடத்தில் மக்கள் நடந்தார்கள், பனிக்கட்டையில் சறுக்கினார்கள், சிலர் சைக்கிளில் போனார்கள். கடலை மிதித்துக் கடப்பது என்ற எண்ணமே எனக்குப் போதுமானதாக இருந்தது. மெரினாவில் வளர்ந்தவன் அடிக்கடி கீழே குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

காடு தந்த மறைப்பு இங்கே இல்லை. காற்று நேராக மேற்கிலிருந்து வந்தது. முதலில் இடதுகை சுண்டுவிரல், பிறகு மோதிரவிரல். வலித்த வரைக்கும் நல்லதுதான். வலி நின்றுபோனதும் இறங்கினேன். தம்பி சொல்லிக்கொடுத்தபடி கையைத் தோளிலிருந்து முழு வட்டமாகச் சுழற்றினேன், வேகமாக, முப்பது நாற்பது சுற்று. இரத்தம் விசையால் விரல்நுனிக்குத் தள்ளப்படுகிறது. ஒரு நிமிடம் எதுவும் தெரியாது. அப்புறம் நகக்கண்ணுக்கு அடியில் ஊசி இறங்கியது. அடுத்து, சுத்தியலால் தட்டியது மாதிரி ஒரு வலி விரலின் வேர்வரை போய், கண்ணில் நீர் கட்டியது. அந்த வலிதான் நற்செய்தி. இரத்தம் திரும்பிவிட்டது. விரல்கள் சிவந்து, துடித்து, பிறகு இளஞ்சூடாகி, அதன்பின் அன்று முழுவதும் தொந்தரவு தரவில்லை.

குளிரில் வைத்த விரலுக்கு இயல்பாகவே இப்படி ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. இறுகிய குழாய்கள் சில நிமிடங்களில் தாமாகத் திறக்கும், சூடு பாயும், மறுபடி இறுகும். லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930இல் இதை எழுதிவைத்தார். உடம்பின் நடுப்பகுதி சூடாக இருந்தால் இந்தத் திறப்பு நன்றாக நடக்கும், குளிர்ந்திருந்தால் தயங்கும். தொப்பியும் ரசமும் விரலுக்கான மருந்தாவது இப்படித்தான்.

தோல் வெளுத்து மெழுகு நிறமானால் கதை வேறு. உடனே அக்குளில் வைத்துச் சூடேற்ற வேண்டும். பனியை அள்ளித் தேய்ப்பது பழைய பழக்கம், கெடுதலானது. செத்துக்கொண்டிருக்கும் தோலை அது இன்னும் கிழிக்கும். நெருப்பருகே நீட்டுவதும் கூடாது, மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது.

கரையோரம் பனியில் வெட்டிய குழியில் சிலர் குளித்தார்கள். நீச்சலுடை, தலையில் கம்பளித் தொப்பி, அத்தோடு கையிலும் காலிலும் தடித்த ரப்பர் உறைகள். உடம்பை முழுக்கத் தண்ணீருக்குக் கொடுக்கத் துணிந்தவர்களும் விரல்களைக் கொடுக்க ஒப்பவில்லை.

மெட்சோகங்காஸ்

நகரத்தின் தென்கிழக்கில் மெட்சோகங்காஸ் பள்ளி. ஏறக்குறைய 1200 பிள்ளைகள் படிக்கும் இடத்தில் குளிர்காலத்திலும் 1000 பேர் அளவுக்குச் சைக்கிளில் வருகிறார்கள் என்ற கணக்கு உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. நான் பார்த்த காலையில் வண்டிகள் பனியில் வரிசை வரிசையாக நின்றன, இருக்கைகளின்மேல் வெண்பனி படிந்திருந்தது. ஏழு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள், வண்டியைச் சாய்த்தாள், பல்லால் ஒரு கையுறையைக் கவ்விக் கழற்றிப் பூட்டைத் திருகினாள், திரும்ப மாட்டிக்கொண்டு ஓடினாள். தோல் வெளியே இருந்தது ஐந்தாறு நொடிதான். சின்ன வயதிலிருந்தே கையில் படிந்துவிட்ட பழக்கம்.

தம்பியின் மகள் போகும் மழலையர் பள்ளியில் உலர்த்தும் அலமாரி இருக்கிறது. இந்த நாட்டில் அது ஏறக்குறைய எல்லா மழலையர் பள்ளியிலும் உள்ள பொருள். ஆள் உயரம், உள்ளே வெதுவெதுப்பான காற்று ஓடும், கம்பிகளில் குட்டிக் கையுறைகளும் காலணிகளும் தலைகீழாகத் தொங்கும். பிள்ளைகள் வெளியே பனியில் புரண்டுவிட்டு வந்ததும் எல்லாம் அதற்குள் போகும், வீட்டுக்குக் கிளம்பும்போது உலர்ந்து இருக்கும். உலர்த்துவதில் இவர்களுக்கு இருக்கும் சிரத்தை சமையலறை வரை நீள்கிறது. கழுவிய தட்டுகளைத் தொட்டிக்கு மேலேயே அலமாரிக்குள் செருகித் தண்ணீர் வடியவிடும் முறையை 1940களில் மையு கெப்ஹார்ட் என்ற பெண்மணி வடிவமைத்துப் பரப்பினார், இன்று அது இல்லாத வீடு அரிது.

அந்த அலமாரியின் முன்னால் நின்றபோது நம் பள்ளிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில், பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில், எத்தனை பிள்ளைகள் தொப்பலாக நனைந்து வந்து சேர்கிறார்கள். ஊறிப்போன கறுப்பு ஷூவுக்குள், ஊறிப்போன சாக்ஸோடு, நாலு மணிவரை உட்கார்ந்திருக்கிறார்கள். நம் குளிர் விரலைக் கொல்லாது. ஆனால் சேற்றுப்புண் வரும், காய்ச்சல் வரும், மழை நாளில் பள்ளிக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணமும் வரும். வகுப்பறை வாசலில் ஷூவைக் கழற்றிக் கவிழ்க்க ஒரு மரத்தட்டு, சாக்ஸைத் தொங்கவிட ஒரு கொடி, பையில் மாற்று ஜோடி. இதற்குப் பெரிய பணம் வேண்டாம். பிள்ளையின் கால் ஈரமாக இருப்பது பள்ளியின் கவலையும்தான் என்று யாராவது நினைக்க வேண்டும். கொடுத்த சைக்கிளை மழையிலும் ஓட்ட முடியும்படி செய்வதில்தான் அந்தத் திட்டம் முழுமையாகும் என்று நான் நம்புகிறேன்.

ரியூட்டுன்காரி

மேற்கே திரும்பி, ஔலுன்சாலோ வழியாக ஹைலுவோட்டோ தீவுக்குப் படகு பிடிக்கும் துறைக்குப் போனேன். கடைசிப் பகுதி திறந்த வெளி, இரண்டு பக்கமும் உறைந்த வயல், பிறகு உறைந்த நாணல்.

இந்தக் கடற்கரை ஆண்டுக்கு எட்டொன்பது மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது. பனியுகத்தின் பெரும் பனிப்பாளம் அழுத்தி வைத்திருந்த நிலம், பாரம் போன பிறகும் இன்னும் நிமிர்ந்து முடிக்கவில்லை. ஹைலுவோட்டோ அப்படிக் கடலிலிருந்து எழுந்த தீவுதான். குளிர் நன்றாகப் பிடித்த ஆண்டுகளில் கடல்மேலேயே பனிச்சாலை போட்டு வாகனங்களை விடுவார்கள். மற்ற நேரம் பனியை உடைத்துக்கொண்டு போகும் கட்டணமில்லாப் படகு ஓடியது. தீவையும் கரையையும் இணைக்க மேடும் பாலங்களுமாக எழும்பிக்கொண்டிருந்த வேலை படகிலிருந்தே தெரிந்தது.

படகில் ஒரு முதியவர் என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற மீனவர். பனிக்கு அடியில் வலை விரித்து வெள்ளைமீன் பிடித்தவர். நகரத்திலிருந்து இவ்வளவு தூரம் வியர்க்க வியர்க்க மிதித்து வந்திருக்கிறேன் என்றதும், “வெளித் தண்ணீரை நிறுத்திவிட்டீர்கள், உள் தண்ணீரை என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். வியர்வையைச் சொல்கிறார். பாதம் நிறைய வியர்க்கும். அந்த ஈரம் கம்பளிக்குள் புகுந்து நின்றபிறகு, மிதிப்பதை நிறுத்திய அரைமணி நேரத்தில் கால் சில்லிட்டுவிடும்.

அவர் செய்யச் சொன்ன உபாயம் ரொம்ப எளிது. வெறுங்காலில் மெல்லிய சாக்ஸ், அதன்மேல் ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பை, அதன்மேல் கம்பளி. வியர்வை மெல்லிய சாக்ஸோடு நின்றுவிடும். கால் பிசுபிசுக்கும், ஆனால் கம்பளி காய்ந்தே இருக்கும், காய்ந்த கம்பளி சுடும். மழைக்காலத்தில் பால்காரர்கள் காலில் பையைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நாம் பையை வெளியே கட்டுகிறோம், இவர்கள் உள்ளே. படகின் வெதுவெதுப்பான அறையில் உட்கார்ந்து அங்கேயே மாற்றிக்கொண்டேன். அவர் கோட்டின் உள்பையைத் திறந்து, நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்த இன்னொரு ஜோடிக் கையுறையைக் காட்டினார். கடலுக்குப் போவதை விட்டுப் பல காலம் ஆகியும் மாற்று ஜோடி இல்லாமல் அவர் வீட்டைவிட்டு இறங்குவதில்லை.

ஹைலுவோட்டோ

தீவுக்குள் இறங்கிய துறையிலிருந்து மேற்குமுனை மார்யனியெமி வரை ஒரே சாலை. பைன் காடு, சாம்பல்நிற மரவீடுகள், ஆயிரம் பேர் அளவுக்குத்தான் குடியிருப்பு. பிளாஸ்டிக் பை வேலை செய்தது. கால் கதகதப்பாக இல்லை, ஆனால் குளிரவும் இல்லை. மேடுகளில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு கொஞ்சம் ஓடினேன். பாதம் மடங்கி நிமிர்ந்ததும் இரண்டு நிமிடத்தில் விரல்கள் உயிர்த்தன. இது எல்லா உபகரணங்களையும்விட மேல்.

மார்யனியெமியில் 1871ஆம் ஆண்டு கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம், அதன் அடியில் மீனவர் குடிசைகள். தங்கிய இடத்தில் சாப்பாட்டுக்கு ரை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்த பொடிமீன் கொடுத்தார்கள். நெத்திலி வறுவலுக்கு ஏங்கியிருந்த நாக்கு கண்டுகொண்டது, முள்ளோடு மென்று தின்றேன். அதற்கு முன்பே சவுனா என்ற நீராவிக் குளியல். 55 லட்சம் மக்களுக்கு 30 லட்சம் சவுனா இருப்பதாகச் சொல்லும் நாடு இது. வெந்நீராவியில் விரல்கள் சுருங்கிச் சிவந்தன.

விடுதிக்கார அம்மாள் என் ஷூவை வாங்கி உள்தகடுகளை உருவி, உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தார். ஒரு மணிநேரம் கழித்து ஈரமான தாளை எடுத்துவிட்டுப் புதிதாகத் திணித்தார். ஹீட்டர் மேல் வைக்கவில்லை, அருகே தரையில் வைத்தார். நேர்ச்சூட்டில் தோல் வெடித்து, அடுத்த நாள் தண்ணீர் உள்ளே வரும்.

சாப்பிடும்போது வானிலை அறிக்கை பற்றிப் பேச்சு வந்தது. அப்போது வெளியே மைனஸ் 9. மறுநாள் நண்பகலுக்குமேல் காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கி, வெப்பம் பூஜ்யத்துக்கு மேலே ஒரு டிகிரி ஏறும், பனியும் மழையுமாகக் கொட்டும். மேசையில் இருந்த எல்லாருக்கும் முகம் வாடியது. எனக்கும்தான். “விடியுமுன் கிளம்பிவிடுங்கள். குளிர் இருக்கும்போதே படகை அடைந்துவிடலாம்” என்றார் அம்மாள்.

அப்படியே கிளம்பினேன். கஞ்சி குடித்து, தொப்பியை இழுத்துவிட்டு, மாற்றுக் கையுறையைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு. முதல் பத்து நிமிடம் சுண்டுவிரல் முறையிட்டது, பிறகு அடங்கியது. டயர் கறக் கறக் என்று பேசிக்கொண்டே வந்தது. பாதித் தீவைக் கடந்தபோது அந்தச் சத்தம் மெல்ல மழுங்கியது, நான் வேகத்தைக் கூட்டினேன். துறையில் வண்டியை ஏற்றிக் கட்டும்போது, அறிக்கை சொன்னதற்கு முன்பே, முதல் ஈரச் செதில்கள் மட்கார்டில் விழுந்து உருகின. ஷூவைக் கழற்றிப் பார்த்தேன், கம்பளி காய்ந்திருந்தது.